இருபதடி தாய்மாமன்

ஆனையூர்
16.06.2024

பாசமுள்ள அண்ணே ஆல்பினுக்கும், உனக்கு முன்னாடியே இதைப் பிரிச்சுப் படிக்கப்போற ஃபாதருக்கும் ஜெனிஷாவோட வணக்கம்.

இங்க நாங்க மூணு பேரும் நலம். அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ண இடம் மழை வந்தா மட்டும் இழுக்குதாம். மதுரையில மழை வாரதில்ல, அதனால சுகம்தான். உங்க நவதுறவகத்துல செல்போனுக்குத் தடை. நம்ம வீட்டுல தடை இல்ல, ஆனா எடுத்தா குடைநிழல் ஹவுசிங் ஃபைனான்ஸ்காரன் பேசுறான். அப்பா போனை அணைச்சு அரிசி டப்பாவுக்குள்ள புதைச்சுட்டாரு. அதான் தபால்.

நீ சாமியாராகக் கிளம்புறப்ப என்ன சொன்ன? "வீடு போச்சு, வீட்டோட கடனும் போச்சு, இனி நிம்மதியாத் தூங்குங்க"ன்னு சொன்ன. அண்ணே, கடன் போகல. திருமங்கலத்து வீட்டை சீல் வச்சு, ஏலம் விட்டு, வித்தும் முடிச்சாச்சு. ஆனா ஏலத்துல வந்த காசு பத்தலையாம். மிச்சத்தைக் கட்டுன்னு ஆனையூர் வாடகை வீடு வரைக்கும் வந்து நிக்கிறாங்க. ஏலக்காய் டீயில விழுந்தா மணக்கும். ஏலம் வீட்டு மேல விழுந்தா இப்படித்தான் நாறும். நிறுவனத்துக்குப் பேரு வேற குடைநிழல். நிழல் போயிருச்சு, குடைச்சல் மட்டும் பாக்கி.

வசூலுக்கு வாரவன் பேரு காளை. அலங்காநல்லூர்ல அவுத்துவிட வேண்டியதை ஆனையூர்ல அவுத்து விட்டிருக்காங்க. கேட்டுக்கு வெளியிலேயே நின்னுக்கிட்டு, "யேசுதாஸ் சார்! ஸ்கூல்ல கிளார்க்கா இருந்துக்கிட்டு இப்படி ஏமாத்தலாமா சார்!"ன்னு தெருமுனை வரைக்கும் கேக்குற மாதிரி கத்துறான். அந்தத் தொண்டைய சர்ச்சுக்குக் குடுத்தா மைக் செட் செலவு மிச்சம். அப்பா கதவுக்குப் பின்னாடி நின்னு சட்டை பட்டனையே திருகிக்கிட்டு இருக்காரு.

அம்மா என்ன பண்ணுறாங்க தெரியுமா? அவனுக்கு நிழல்ல நாற்காலி போட்டு செம்புல தண்ணி குடுக்குறாங்க. ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது. நேத்து நான் காபி போட்டுத் தாரேன்னு சொல்லிட்டு நிலவேம்புக் கஷாயத்துல பால் ஊத்திக் குடுத்தேன். முதல் மடக்குலயே கத்தல் நின்னுச்சு. "என்னம்மா இது?"ன்னான். "எங்க வீட்டுல இப்ப எல்லாமே இந்த ருசிதாண்ணே"ன்னேன்.

இன்னும் இருக்கு அவங்களுக்கு. அந்தக் கடன்ல அப்பாவோட நீயும்தான் கையெழுத்துப் போட்டிருக்க. அதனால நான் வாங்கப்போற பழியிலயும் உனக்குப் பங்கு உண்டு.

உன் ஜெபத்துல என்னை நினைச்சுக்க. சாப்பாட்டுலயும் நினைச்சுக்க.
ஜெனி

*

நவதுறவகம்
02.07.2024

அன்புத் தங்கை ஜெனிக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் நலம். காலையில் தோட்ட வேலை, மாலையில் தியானம். அம்மா மாத்திரையைத் தவறாமல் போடுகிறார்களா?

காளை அண்ணனும் பிழைப்புக்காகத்தான் அலைகிறார். அவருக்கு நிலவேம்பு கொடுத்தது தவறு. அவருக்காக ஒரு ஜெபமாலை சொல். அப்பாவைத் தனியாகக் கேட்டுக்குப் போக விடாதே. பழி என்ற சொல்லையே இனிமேல் எழுதாதே. இங்கே கடிதங்கள் வாசிக்கப்படுகின்றன.

உன் கடிதம் வந்த அன்று இரவு உணவின்போது ஃபாதர் சவரிமுத்து காரணம் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். காபியை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

அன்புடன்,
ஆல்பின்

*

ஆனையூர்
21.07.2024

மரியாதைக்குரிய சாமியார் அண்ணனுக்கு, ஜெபமாலை சொல்லி முழங்கால் வீங்கிப்போன தங்கச்சி எழுதுறது. வீக்கம் பொய், ஜெபமாலை நிஜம். காளைக்காகத்தான் சொன்னேன். அவன் தொண்டை கட்டணும்னு.

அப்பா, அம்மா சுகம். நீ சுகமா இருக்குறதுக்கு உங்க ஃபாதர் சாட்சி.

பழிங்குற சொல்லை எழுதாதேன்னுட்ட. சரி, இனிமே "அது"ன்னு எழுதுறேன்.

தினமும் ரெண்டு பஸ் மாறித் திருமங்கலத்துக்குப் போறோம்ல, அப்பா ஸ்கூல் ஆபிசுக்கும் நான் பிளஸ் டூவுக்கும். பஸ் நம்ம பழைய வீட்டைத் தாண்டித்தான் போகும். அந்த இடம் வந்தா அப்பா எதிர்ப்பக்கம் திரும்பிக்கிருவாரு. நான் திரும்ப மாட்டேன். வீட்டுக்குக் கிளிப்பச்சை பெயின்ட் அடிக்கிறாங்க. அம்மா வச்ச முருங்கை மரத்தை வேரோட வெட்டிட்டாங்க. அதை அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

வாங்குனது பால்பாண்டின்னு ஒரு ஆளு. ஆனா வாசல்ல ரெண்டு தடவ நின்னது யாரு காரு தெரியுமா? நம்மகிட்ட சீல் வைக்க வந்தாரே, குடைநிழல் கிளை மேலாளர் அழகுபாண்டி, அவரோடது. அதே வெள்ளைக் காரு. அதே கண்ணாடி ஓரத்துல எலுமிச்சம்பழம். ஸ்கூல் விட்டதும் இறங்கிப்போய் பெயின்ட் அடிக்கிறவர்கிட்ட, "கார்ல வாரவரு யாருண்ணே?"ன்னு கேட்டேன். "ஓனரம்மாவுக்குக் கூடப்பொறந்த அண்ணன்ம்மா, கலரு கூட அவர் சொன்னதுதான்"னாரு.

பாத்தியா? ஏலத்துக்கு வேற ஆளே வராமப் பண்ணி, தங்கச்சி புருஷனுக்குப் பாதி விலைக்குத் தள்ளி விட்டிருக்கான். விலை குறைஞ்சதாலதான் கடன் மிச்சம். மிச்சத்துக்கு நம்ம கழுத்து. அப்பாகிட்ட சொன்னேன். "தங்கச்சி கல்யாணமாகிப் போன பொண்ணு, இன்ஷியல் வேற. நம்ம சொன்னா யாரு நம்புவா? விடும்மா"ன்னாரு.

இன்னொன்னு. காளை போன வாரம், "உங்கண்ணன் சாமியாராப் போனாலும் எங்க ஆபிஸ் விடாது"ன்னான். அங்க உனக்குத் தபால் எதுவும் வந்துச்சா? கண்டிப்பா பதில் எழுது.

உன் தங்கச்சி, வீட்டைத் துறந்த வகையில நானும் துறவி,
ஜெனி

*

நவதுறவகம்
08.09.2024

அன்புள்ள ஜெனி,

நான் நலம். பதில் தாமதமாகிவிட்டது, தோட்டத்தில் வேலை அதிகம். மாதா பிறந்தநாள் வாழ்த்துகள். இங்கே எல்லாரும் நலம்.

என் டிகிரி சர்ட்டிபிகேட் எந்தப் பெட்டியில் இருக்கிறது? என் நீலச் சட்டை, பேன்ட் எல்லாம் யாருக்கும் கொடுக்கவில்லையே? அப்பாவின் ஸ்கூலில் வேலை ஏதும் காலியாக இருக்கிறதா என்று சும்மா கேட்டு வை.

நான் நலம்.
ஆல்பின்

*

ஆனையூர்
14.09.2024

அண்ணே,

அரைப்பக்கத்துல ரெண்டு தடவ "நான் நலம்"னு எழுதுறவன் நலமா இருக்க மாட்டான். நான் கேட்டதுக்குப் பதிலே இல்ல. நீலச் சட்டை எதுக்கு? வெள்ளை அங்கிக்கு உள்ள போடவா?

எங்க ஸ்கூல் சிஸ்டர்கிட்ட, "யாரோ ஒருத்தருக்கு"ன்னு சொல்லி விசாரிச்சேன். தீர்க்க முடியாத கடன் உள்ளவங்களை நவதுறவியா ஏத்துக்கக் கூடாதுன்னு திருச்சபைச் சட்டமே இருக்காம். சிஸ்டர் என் முகத்தைப் பாத்துட்டு அந்த யாரோ ஒருத்தருக்காக ஜெபிக்கிறேன்னாங்க.

இனிமே நான் உன்கிட்ட பேசல. ஃபாதர் சவரிமுத்து அவர்களே, நேரா உங்களுக்கு ஸ்தோத்திரம். உடம்புக்குச் சுகமா? முட்டி வலி எப்படி இருக்கு? எல்லா ஃபாதருக்கும் முட்டி வலி இருக்கும், அதான் கேட்டேன். எங்கண்ணனுக்குக் குடைநிழல்ல இருந்து நோட்டீஸ் வந்துச்சா இல்லையா? அவனைத் திருப்பி அனுப்பப் போறீங்களா? அவன் ஏழாங்கிளாஸ்ல இருந்தே சாமியார்தான். நான் அவன் டிபன்ல இருந்து முட்டையத் திருடினா, "இன்னொன்னும் எடுத்துக்க"ன்னு சொல்ற ஆளு. அவனை வீட்டுக்கு அனுப்பிட்டு என்னைய மாதிரி ஆளுகளையா வச்சுச் சபை நடத்துவீங்க?

அழகுபாண்டி வீட்டை எடுத்தான், முருங்கைய எடுத்தான். இப்ப எங்கண்ணனையும் எடுக்கப் பாக்குறான். "அது" வாங்காம நான் விடமாட்டேன். இதை நீங்க பாவசங்கீர்த்தனமா எடுத்துக்கிட்டாலும் சரி, முன்னறிவிப்பா எடுத்துக்கிட்டாலும் சரி.

அம்மா உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது.

பணிவுள்ள மகள்,
ஜெனிஷா

*

நவதுறவகம்
06.10.2024

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு சவரிமுத்து அடிகளின் ஆசீர்.

முட்டி வலி இருக்கிறது, நன்றி. இங்கே கடிதங்களைப் பிரிப்பது விதி. வாசிப்பது என் விருப்பம். உன்னுடையதை மட்டும் இரண்டு முறை வாசிக்கிறேன்.

நோட்டீஸ் ஆகஸ்டில் வந்தது, ஆல்பின் பெயரில். அதைப் பார்த்தபின் பார்க்காதவன்போல் நான் இருக்க முடியாது. பிப்ரவரியில் சபைத் தலைவர் வருகிறார். அதற்குள் இது தீராவிட்டால் அவனை வீட்டுக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை. உங்களிடம் சொல்லக் கூடாது என்று அவன்தான் என்னிடம் சத்தியம் கேட்டான். நான் செய்யவில்லை.

"அது" எனக்கு ஏற்புடையதல்ல. உண்மையை வெளிச்சத்தில் வைப்பது வேறு. வெளிச்சம் போதாவிட்டால் பெரிதாக வைக்கலாம்.

அடியில் ஆல்பின் எழுத இடம் விடுகிறேன்.

ஜெனி, மன்னித்துக்கொள். உங்களை அழவைக்க வேண்டாமென்று நினைத்தேன். அந்த மேலாளரை மன்னிக்க முயல்கிறேன். இன்னும் முடியவில்லை. பொது அறிவுக்காக ஒன்று: ஏலத்தில் எடுப்பவர், நிறுவன ஊழியர் எவருக்கும் தான் உறவினர் இல்லை என்று எழுதித் தர வேண்டும். பொய்யென்று தெரிந்தால் விற்பனையே செல்லாது. நீ எதையும் செய்யாதே. பொது அறிவுதான். – ஆல்பின்

*

ஆனையூர்
17.11.2024

பொது அறிவு தந்த அண்ணனுக்கும், வெளிச்சம் தந்த ஃபாதருக்கும் கோடி வணக்கம். எல்லாரும் சுகம், நான் மட்டும் சுகமோ சுகம். உக்காந்து படிங்க.

என் கிளாஸ் பாண்டிச்செல்வி இருக்கால்ல, அவங்கப்பா கருப்பு மாமா திருமங்கலத்துல ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்காரு. சாயங்காலம் பாண்டிச்செல்விதான் கம்ப்யூட்டர்ல படம் ஒட்டுவா. பஸ் வார வரைக்கும் நானும் அங்க கிடப்பேன். வெள்ளிக்கிழமை யாரு உள்ள வந்தா? பால்பாண்டியும் அவரு பொண்டாட்டி தாமரைச்செல்வியும். தை மாசம் நம்ம வீட்டுல, மன்னிக்கணும், அவங்க கிளிப்பச்சை வீட்டுல, பால்காய்ச்சும் மகனுக்குக் காதுகுத்தும் ஒரே நாள்ல. அதுக்கு ஃப்ளெக்ஸும் பத்திரிகையும்.

எங்களை அவங்களுக்கு அடையாளம் தெரியாது. நான் யூனிபார்ம்ல பையோட நிக்கிறேன். பாண்டிச்செல்வி அப்பா, அம்மா, பையன், சித்தப்பா, பெரியப்பான்னு வரிசையா முகத்தை ஒட்டுறா. முடிஞ்சுருச்சு. தாய்மாமன் இல்ல.

அண்ணே, உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. இந்த ஊருப் பக்கம் காதுகுத்துன்னா தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். சீர்த்தட்டு தூக்கிட்டு வாரதும் அவருதான். ஃப்ளெக்ஸ்ல பிள்ளை படம் சின்னதானாலும் மாமன் படம் பெருசா இருக்கணும்.

"அண்ணே, தாய்மாமனை விட்டுட்டீங்களே?"ன்னேன்.

பால்பாண்டி நெளிஞ்சாரு. "மச்சான் வேணாம்னுட்டாரும்மா. கூச்ச சுபாவம்."

"ஐயையோ! மாமன் படம் இல்லாத காதுகுத்து ஃப்ளெக்ஸா? பாக்குறவுங்க ரெண்டு குடும்பத்துக்கும் சண்டைன்னுல்ல பேசுவாங்க? போன மாசம் அடுத்த தெருவுல ஒரு மாமனுக்குப் பன்னண்டடி போட்டாங்க. அவரு வெறும் லாரி கிளீனரு."

அம்புட்டுதான். தாமரைச்செல்விக்குக் கண்ணு ரெண்டும் சிவந்துருச்சு. புருஷன் கையில இருந்து போனைப் புடுங்கி, கடைக்குள்ளேயே, "ஏண்ணே! என் பிள்ளைக்குத் தாய்மாமன் நீயா, தெருவுல போறவனா? உனக்கு ஒரு படம் போட எனக்கு யோக்கியதை இல்லையா? சீரும் வேணாம், நீயும் வராத!"

அங்கிட்டு என்ன சொன்னாரோ, கொஞ்ச நேரத்துல வாட்ஸப்புல படம் வந்துருச்சு. கோட்டு சூட்டு. கும்பிடுற போஸ். எத்தனை அடின்னு பாண்டிச்செல்வி கேட்டா. "இருபது!"ன்னா அந்தக்கா. "கீழ என்ன போடணும்?" "தாய்மாமன், அழகுபாண்டி. கிளை மேலாளர், குடைநிழல் ஹவுசிங் ஃபைனான்ஸ். எங்கண்ணன் என்ன லாரி கிளீனரா?"

சத்தியமா நான் ஒரு எழுத்துக்கூடப் போடல. குடை சின்னத்தைக்கூட அந்தக்காதான் பர்ஸ்ல இருந்த விசிட்டிங் கார்டைக் குடுத்துப் போடச் சொல்லுச்சு.

பத்திரிகையிலயும் அதே வரிதான். அதுல ரெண்டு அதிகமா அடிச்சு எனக்குக் குடுத்தா பாண்டிச்செல்வி. ஒண்ணு சென்னை ஹெட் ஆபிஸுக்கு ஸ்பீட் போஸ்ட்டுல போயிருச்சு. கூட ஏல விளம்பரத்தை வெட்டி வச்சு, ஒரே ஒரு வரி எழுதுனேன்: "உங்க ஏலத்துல போன வீட்டுல உங்க மேலாளர் மருமகனுக்குக் காதுகுத்து, அவசியம் வந்து வாழ்த்துங்க." இன்னொண்ணு காளைக்கு. "எங்க அப்பா அன்னிக்குத்தான் பதில் சொல்லுவாரு, வாங்கண்ணே"ன்னு சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு, பூமியில் ஒரு மெழுகுதிரி,
ஜெனி

*

நவதுறவகம்
01.12.2024

ஜெனி,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள், முன்கூட்டியே. வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது எழுத மறுக்கிறது. பேனா பழசு.

அப்பாவைக் கூட்டத்துக்குள் அழைத்துப் போகாதே. யாரும் உன்மேல் கை வைக்கும் தூரத்தில் நிற்காதே.

ஆல்பின்

*

ஆனையூர்
20.01.2025

அண்ணே, ஃபாதர், தோட்டத்துல இருக்குற மத்த சாமியார்கள் எல்லாருக்கும்,

பொங்கல் வாழ்த்து. எல்லாரும் சுகம். அம்மா மாத்திரை போட்டாங்க. இப்ப மத்ததைக் கேளுங்க.

நேத்து காலையில நானும் அப்பாவும் போனோம். அப்பா எதிர்த்த டீக்கடைக்கு மேல ஒரு அடி வரலன்னுட்டாரு. நான் பாண்டிச்செல்வி கூடக் கூட்டத்துக்குள்ள போய்ட்டேன். வீட்டை மறைச்சுக்கிட்டு ஃப்ளெக்ஸ் நிக்குது. இருபதடி அழகுபாண்டி, கைகூப்பிக்கிட்டு. அவரு காலடியில பையன் படம் பொட்டு மாதிரி.

காளை முன்னாடியே வந்து வாசல்ல போட்ட பந்தியில உக்காந்துட்டான். கடனைக் கேக்க வந்தவன்னு நினைச்சேன். அவனுக்குக் கறிதான் முக்கியம்.

சீர்த்தட்டு வந்துச்சு, வெடி வெடிச்சாங்க. நம்ம ஹால்ல, அம்மா தையல் மெஷின் கிடந்த அதே இடத்துல, மனை போட்டு அழகுபாண்டி உக்காந்தாரு. மொட்டைத் தலையில சந்தனத்தோட பையன் மடியில. ஆசாரி ஊசிய எடுத்து, "மாமா, பிள்ளையக் கெட்டியாப் பிடிங்க, அசையக் கூடாது"ன்னாரு.

அப்பத்தான் வாசல்ல கார் வந்து நின்னுச்சு. ரெண்டு பேரு. ஒருத்தரு வடக்கத்தி. தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. கூட வந்தவரு போன் பேசிக்கிட்டே பின்தங்கிட்டாரு. வடக்கத்தி ஆளு ஃப்ளெக்ஸ்ல குடைச் சின்னத்தைப் பாத்துட்டு, பக்கத்துல நிறுவன அடையாள அட்டை மாட்டியிருந்த ஆளைக் கூப்பிட்டு, இது என்ன எழுதியிருக்குன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு.

அந்த ஆளு காளை!

கையக்கூடக் கழுவல. ஹெட் ஆபிஸ் பெரியவரு கேட்டுட்டாருன்னு அவனுக்குப் பெருமை தாங்கல. நெஞ்சை நிமித்தி, நம்ம கேட்டுல நின்னு கத்துற அதே தொண்டையில, ஒரு வார்த்தை விடாம வாசிச்சான்:

"பால்பாண்டி – தாமரைச்செல்வி இல்ல விழா! புதுமனை! காதணி! தாய்மாமன்! திரு. அழகுபாண்டி! கிளை மேலாளர்! குடைநிழல் ஹவுசிங் ஃபைனான்ஸ்!" அப்புறம், சாருக்குப் புரியணும்ல, அதையே இங்கிலீஷ்லயும் சொன்னான். "எல்டர் சிஸ்டர் ஹவுஸ் சார், நோ நோ, யங்கர் சிஸ்டர் ஹவுஸ் சார். சேம் பிளட் சார்!"

தெரு முழுக்கக் கேட்டுச்சு. டீக்கடையில அப்பாவுக்கும் கேட்டுச்சு.

உள்ள அழகுபாண்டி முகத்தைப் பாக்கணுமே. எந்திரிக்கவும் முடியல, ஓடவும் முடியல. மடியில பிள்ளை, காதுல ஊசி, வாசல்ல ஹெட் ஆபிஸ். "ஆசாரி, சீக்கிரம்"னாரு. "அவசரப்பட்டா காது கிழிஞ்சுரும் மாமா, இன்னொரு காது வேற இருக்கு"ன்னாரு ஆசாரி. ரெண்டாவது காது முடியுற வரைக்கும் அந்த ரெண்டு பேரும் செருப்பைக் கழட்டிட்டு எதிர்லயே நின்னாங்க. பையன்கூட அழுகைய நிறுத்திட்டான். மாமனையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தான்.

அப்ப டீக்கடையில இருந்து அப்பா தெருவைத் தாண்டி வந்தாரு. நேரா அந்த வடக்கத்தி ஆளு முன்னாடி நின்னு, பட்டனைத் திருகாம, "சார், நான் யேசுதாஸ். இது என் வீடு. மிச்சம் கேட்டு என் மகனுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கீங்க"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. இங்கிலீஷ்ல சொன்னாரு. அப்பாவுக்கு அம்புட்டுச் சத்தம் இருக்குன்னு எனக்கு இது வரைக்கும் தெரியாது.

ஜெனி

*

நவதுறவகம்
12.02.2025

அன்புத் தங்கை ஜெனிக்கும் அப்பா அம்மாவுக்கும்,

இயேசுவுக்கே புகழ். உண்மையிலேயே நலம். ஒரு முறைதான் எழுதியிருக்கிறேன், கவனி.

நோட்டீஸைத் திரும்பப் பெறுவதாகக் குடைநிழல் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேலாளர் தற்காலிக வேலை நீக்கம், விற்பனை விசாரணையில் என்றும் இருந்தது. ஃபாதர் அதைச் சபைத் தலைவரிடம் காட்டினார். நான் தங்கலாம். நீலச் சட்டையை நீயே போட்டுக்கொள்.

இதைத் தீமைக்குத் தீமை என்று நினைத்து மகிழக் கூடாது, ஜெனி. அழகுபாண்டிக்காக இன்று ஜெபித்தேன். நீயும் ஜெபி. துன்பத்தில் இருக்கும் மனிதனைப் பார்த்துச் சிரிப்பது நமக்கு அழகல்ல.

ஒரு சிறிய விவரம் மட்டும் உன் கடிதத்தில் விடுபட்டிருக்கிறது. இரண்டாவது காதில் ஊசி இறங்கியபோது அவர் முகம் எப்படி இருந்தது? விவரமாக எழுது. ஃபாதரும் கேட்கிறார்.

ஆல்பின்

*

ஆனையூர்
09.03.2025

தங்கிட்ட அண்ணனுக்கு, பரீட்சைக்கு நடுவுல தங்கச்சி எழுதுறது.

எல்லாரும் சுகம். தவக்காலம்னு கறி இல்ல. அரிசி டப்பாவுக்குள்ள இருந்து போன் வெளிய வந்துருச்சு. காளை வாரதில்ல. போன வாரம் பஸ்ல பாத்தேன், எந்திரிச்சு அப்பாவுக்கு இடம் குடுத்தான். அப்பா உக்காரல.

வீடு இன்னும் நம்ம கைக்கு வரல. தீர்ப்பாயத்துல வழக்கு நடக்குது. கிளிப்பச்சையோட பூட்டிக் கிடக்கு, இந்தத் தடவ சீல் அவங்களுக்கு. இப்ப அந்த இடம் வந்தா அப்பா எதிர்ப்பக்கம் திரும்புறதில்ல.

அழகுபாண்டி முகம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேல்ல. எழுதத் தெரியல, ஆனா முகமே நம்மகிட்ட இருக்கு. விழா முடிஞ்சதும் ஃப்ளெக்ஸை அவுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. கருப்பு மாமா அதைச் சுருட்டி எங்கிட்ட குடுத்தாரு. கொண்டுவந்து மாடியில போட்டேன்.

நேத்து அம்மா வத்தல் காயப்போட மேல போனாங்க. ஒரு வருஷமா ஒரு வார்த்தை யாரையும் கடிஞ்சு பேசாத நம்ம அம்மா, காளைக்கு நாற்காலி போட்ட அதே அம்மா, அந்த ஃப்ளெக்ஸை இழுத்து விரிச்சாங்க. மாடி கொள்ளல. பந்தல், குடை, சித்தப்பா, பெரியப்பா எல்லாத்தையும் மடிச்சு உள்ள தள்ளிட்டு, மூஞ்சிய மட்டும் வெளிய வச்சாங்க. மிளகாயைக் கொட்டி, கண்ணு மேலயும் மூக்கு மேலயும் நிதானமாப் பரப்பிவிட்டாங்க.

நான் பயந்துபோய், "ஏம்மா, முகத்து மேலயா?"ன்னேன்.

அம்மா நிமிராமலேயே சொன்னாங்க: "அங்கதாம்மா நல்லா வெயில் விழுது."

உன் தங்கச்சி,
ஜெனி